நடுவில் கோடு போட்ட எழுத்து

கிர்கிஸ் நாட்டில், நரீன் ஊரில் துர்சுன் அண்ணனின் கல்லறைக் கல் கடையில் எனக்குக் கணினி வேலை. கருங்கல்லில் முகம் பொறிக்கும் இயந்திரத்துக்கு முதலில் படத்தைத் திரையில் திறந்து காட்ட வேண்டும்.

புரூல் அம்மா கொண்டுவந்த பென்டிரைவில் ஒரே ஒரு படம். மாஸ்கோவில் கட்டட வேலையின்போது விழுந்து இறந்த மகனுடையது. வேறு படம் அவரிடம் இல்லை. நான் திறந்தபோது, 'கோப்பு இல்லை' என்றது திரை.

"இல்லையா? தங்கச்சி மகன் போட்டுக் குடுத்தானே!" அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க அக்கா. இது கிழட்டுக் கழுதை, ரெண்டு தட்டு தட்டுனாத்தான் நகரும்" என்றார் அண்ணன்.

படம் இருந்தது. அதன் பெயர்தான் தடுத்தது. மகனின் பெயரையே கோப்புக்கு வைத்திருந்தார்கள், ஓமுர்பெக் என்று. முதல் எழுத்து நடுவில் கோடு போட்ட வட்டம், எங்கள் கிர்கிஸ் எழுத்து. அந்தப் பழைய மென்பொருளுக்கோ ரஷ்ய எழுத்துகள் மட்டும்தான் தெரியும்.

"கோட்ட எடுத்துட்டு வெறும் வட்டமா அடிச்சிடும்மா. ரஷ்யாக்காரன் அப்படித்தானே எழுதுறான்?" என்றார் அண்ணன் என்னிடம்.

"வேணாம்" என்றார் அம்மா. "அவன் வந்த பெட்டி மேலயும் அப்படித்தான் எழுதியிருந்துச்சு. வேற யார் வீட்டுப் பிள்ளையோன்னு நான் தொடக்கூட இல்ல. உள்ள இருந்தது அவன்தான்."

"அப்ப பேருக்குப் பதிலா ஒரு நம்பர் போடட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நம்பரும்தான் ஒட்டியிருந்துச்சு, கண்ணு."

அண்ணன் கையிலிருந்த கல்தூசியைத் துடைத்துக்கொண்டே நின்றார். திரையில் அதே இரண்டு சொற்கள்.

"வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க அவர?" என்று கேட்டேன்.

"பேர் சொல்லி எங்க கூப்பிட்டேன்! என் பிள்ளைன்னுதான்."

எங்கள் மொழியில் 'என் பிள்ளை' என்று எழுத அந்தக் கோடு போட்ட வட்டம் தேவையில்லை. எல்லாமே ரஷ்யர்களுக்கும் உள்ள எழுத்துகள். பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு, நகல் எடுத்து, அதற்கு 'என் பிள்ளை' என்றே பெயர் தட்டினேன்.

படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. வெள்ளைக் கம்பளித் தொப்பி, நெற்றி, ஒரு பக்கம் கலைந்த புருவம். கண்கள் வந்ததும் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இவன்தான். இந்தப் புருவத்த நான் அதட்டி அதட்டி வாரி விடுவேன்."

கல்லில் பெயரை அண்ணன் தன் கையாலேயே செதுக்குவார். எப்படி எழுதட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முழுசா எழுதுப்பா" என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கோட்ட மட்டும் நல்லா ஆழமா இழு."