சென்சு எடுத்து வைத்த அதிர்வேட்டு

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் துடிக்கவில்லை. எங்கள் சாந்தா மார்கரீட்டா பேண்டு மன்றத்தின் தலைவர் கார்மெனு, விழா மலரில் இரண்டு பக்கம் காலி என்று என் தலையில் கட்டினார். "நம்ம பொண்ணு மால்டாவுக்குக் கால்பந்து ஆடியிருக்கா. எழுதுய்யா. கோல் போட்டான்னு முடிச்சிடு."

நான் மன்றத்தின் செயலாளர். ஆகவே எனக்கு நடுநிலை கிடையாது. ஊரில் யாருக்கும் கிடையாது. பாதி ஊர் நாங்கள், மீதிப் பாதி சான் ஜூசெப் மன்றம். ஆளுக்கொரு புனிதர், ஆளுக்கொரு பேண்டு, ஆளுக்கொரு விழா, ஆளுக்கொரு வெடி. அவர்கள் பேண்டு தெருவில் வந்தால் நாங்கள் சன்னலைச் சாத்துவோம். (இப்போது என் சன்னலைச் சாத்தியும் பயனில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை ஒட்டியிருக்கிறேன். அது படபடத்து எழுதவிட மாட்டேன் என்கிறது.)

2

"ஜூலை வெயில் தீவின் மீது—"

வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ரமோனா பிறந்தபோதே அவள் காலில் பந்து—"

பொய். ஒன்பது வயது வரை எங்கள் பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். கேட்கச் சகிக்காது.

சரி, இப்படி: ரமோனாவின் அப்பா சென்சு எங்கள் வெடிக்காரர். ஊருக்கு வெளியே வயல் நடுவே ஒரு கொட்டகையில் வருடம் முழுக்க விழாவுக்கு அதிர்வேட்டு செய்கிறவர். மகள் தேசிய அணியில் சேர்ந்த அன்று தர்பூசணி அளவில் ஒரு வேட்டு செய்து, "உன் முதல் கோலுக்கு" என்று அலமாரியில் எடுத்து வைத்தார். ஆறு வருடம் ஆயிற்று. ரமோனா முப்பத்தோரு ஆட்டம் ஆடிவிட்டாள், ஒரு கோலும் இல்லை. சென்சு ஆண்டுதோறும் அதைப் பிரித்து, புது மருந்து போட்டுக் கட்டி, மறுபடி அங்கேயே வைத்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

(இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.)

3

டோரியெட் என்கிற பெண்ணை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. அவளும் எங்கள் ஊர்தான், மால்டாவுக்கு முன்வரிசையில் ஆடுகிறவள். ஆனால் சான் ஜூசெப். நான்கு முறை அவளை வர்ணித்துப் பார்த்தேன், நான்கிலும் மூக்கு கோணலாக வந்தது. நேரில் மூக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் டோரியெட் கோலுக்கு நேரே தனியாக நின்றாள். ரமோனா பந்தை அவளுக்குத் தராமல் தானே அடித்தாள். பந்து வெளியே போனது, மால்டா தோற்றது. உடை மாற்றும் அறையில் நடந்தது:

"நான் அங்க நின்னது தெரியலையாடி?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"எங்க விழா வாரம் வருது."

"உங்க விழா வந்தா நான் கண்ணுக்குத் தெரிய மாட்டேனா? நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு ஆடட்டுமா?"

டென்மார்க்கிலிருந்து வந்த பயிற்சியாளர், விழாவுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் "உங்களுக்குப் புரியாது" என்றார்கள். அந்த மாதம் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

4

கடைசி ஆட்டம். சமன் செய்தால் இருக்கிற பிரிவிலேயே இருக்கலாம், தோற்றால் கீழே. எண்பத்தெட்டாவது நிமிடம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம் பின்தங்கல். அப்போது ரமோனா இடப்பக்கமாக இரண்டு பேரைத் தாண்டி உள்ளே வந்தாள். எதிரணி கோல்கீப்பர் பாய்ந்து வந்தாள். வலப்பக்கம், காலிக் கோலுக்கு முன்னால், டோரியெட் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

முடிவு, தலைவர் கேட்டபடி: ரமோனா அடிக்கிறாள், கோல்.

முடிவு, சான் ஜூசெப் ஆட்கள் பந்தயம் கட்டியபடி: ரமோனா அடிக்கிறாள், பந்து கம்பத்தில் பட்டு—

இரண்டையும் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் நடக்கவில்லை.

அந்த நொடியில் அலமாரியில் இருக்கும் வேட்டு ஞாபகம் வந்தது என்று ரமோனா பிறகு என்னிடம் சொன்னாள். கூடவே கோபமும் வந்ததாம். "அப்பா மேல இல்ல. அந்த வேட்டு மேல." பந்தை வலப்பக்கம் தட்டிவிட்டாள். டோரியெட் காலை வைத்தாள். ஒன்றுக்கு ஒன்று.

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது. எந்தப் பெண்ணை என்று மன்ற மலரில் எழுத முடியாது.

5

அப்போது நான் சென்சுவோடு கொட்டகை வாசலில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன்.* வர்ணனையாளர் கத்திய கத்தலில் பெயர் அவர் காதில் விழவில்லை.

"யாரு போட்டது?"

"டோரியெட்."

"எந்த டோரியெட்?"

"மால்டா டீம்ல எத்தன டோரியெட் இருக்கா, சென்சு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"பந்து குடுத்தது?"

"உன் மக."

"போன தடவ குடுக்கல."

"குடுக்கல."

"இந்தத் தடவ குடுத்திருக்கா."

"ஆமா."

வானொலியை அணைத்தார். பிறகு சொன்னார்: "நீ மன்றத்துச் செயலாளரு. வீட்டுக்குப் போ. நீ இங்க வரவே இல்ல."

நான் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது சென்சு உள்ளே, அலமாரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

* கொட்டகையில் வெளியாட்கள் நிற்கக் கூடாது. நான் நிற்கவில்லை.

6

வெடித்தது என்று எழுதினால், எங்கள் மருந்து சான் ஜூசெப் பெண்ணின் கோலுக்குப் போனதாகப் பதிவாகும். சென்சுவை மன்றத்தை விட்டு நீக்குவார்கள், பின்னாலேயே என்னையும். வெடிக்கவில்லை என்று எழுதினால், ரமோனா இதைப் படிப்பாள்.

ஆகவே கார்மெனுவிடம், முடிவு இல்லாமலே தருகிறேன் என்றேன்.

"எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்?"

"நாலு வரி."

"அப்படியே விட்டுடு. கண்ணாடிக் கடைக்காரன் விளம்பரம் குடுத்திருக்கான். நம்ம தெருவுல மட்டும் பதினோரு சன்னல் உடைஞ்சிருக்காம்."

"எப்படியாம்?"

"காத்து," என்றார் கார்மெனு, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கும் காற்று என்றுதான் ஞாபகம். வாசகர்களே, உங்கள் வீட்டுச் சன்னலைப் போய்ப் பாருங்கள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.