ரத்தினம்மாள் போட்ட பிளீச்சிங் பவுடர்

ரத்தினம்மாள் வீட்டுப் படலைத் தள்ளும்போதே கனிமொழிக்கு அந்த வாடை மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்டாற்போன்ற வாடை. இந்தக் கொல்லையில் அழுகிய முட்டை நாற்றம்தான் அடிக்க வேண்டும். அந்த நாற்றம் வருகிறதா, போகப் போகக் கூடுகிறதா என்று பார்ப்பதற்காகவே அவள் ஆடி மாதத்திலிருந்து சிதம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்கு வந்துகொண்டிருந்தாள். எல்லா நாளும் இருந்துவிட்டு, இருக்கவேண்டிய இன்றைக்கு அதைக் காணோம்.

கிணற்றடியைப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. மேலுறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரத்தினம்மாள் நின்றாள். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவளைப் போல.

"அக்கா, கெணத்துல என்னாக்கா போட்ட?"

"கண்டுபுடிச்சிட்டியே! மெட்ராஸ்லேர்ந்து ஆபீசரு வராருன்னு நீதான சொன்ன. அந்த நாத்தத்த வெச்சிக்கிட்டு நாலு பேரு எதுர்ல எப்பிடி நிக்கிறது? ராத்திரியே ஒரு வாளி பிளீச்சிங் பவுடரு கரைச்சி ஊத்திட்டேன். இப்ப மோந்து பாரு, கம்முனு கெடக்கு."

கனிமொழி தோள்பையைக் கீழே வைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? எதிரில் நிற்கிறவள் பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

அந்தத் தெருவுக்கு மேற்கே முன்பு ஒரு தொழிற்சாலை இருந்தது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்பு செய்தார்கள். மூடிவிட்டுப் போனவர்கள் கழிவை மண்ணிலேயே விட்டுப் போனார்கள். மழைக்கு மழை அது இறங்கி, தெருக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக ஊறியது. குடிக்கவும் முடியாது, குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போடுவதே தெருப் பெண்களுக்கு ஒரு வேலையாகிப் போனது.

மண்ணைச் சுத்தம் செய்ய வந்த கனிமொழியின் கம்பெனி முதலில் தெரு நெடுகச் சோதனைக் குழாய்களை இறக்கியது. மண்ணுக்கடியில் மஞ்சள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தது. பிறகு ரத்தினம்மாள் கொல்லையில், கிணற்றைச் சுற்றி, வைத்தியத்தை ஆரம்பித்தது. மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெண்ணாடம் பக்கமிருந்து வாங்கிய மொலாசஸ், அதாவது கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கறுப்புப் பாகு. தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக மண்ணுக்குள் செலுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று கனிமொழியும் நினைத்திருந்தாள். பாகு ஏற்றிவந்த லாரியைப் போலீஸ்காரர்கள் வழியில் மடக்கி, சாராயம் காய்ச்சத்தானே என்று கேட்டார்கள். மண்ணைச் சுத்தம் பண்ண என்று அவள் சொன்னபோது, கேட்டவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பீப்பாய்கள் வந்து இறங்கிய பிறகு, சாயங்காலமானால் முன்பின் தெரியாதவர்கள் படலுக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சினார்கள். கடலூரில் இருக்கிற எறும்பெல்லாம் கொல்லைக்குக் குடிவந்தது. இத்தனையும் தாண்டி, போன வாரம்தான் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் முழுசாகப் போயிருந்தது. இன்றைக்கு மெட்ராஸ் ஆபீசர் ஞானசேகரன் சார் வந்து இந்தக் கிணற்றில் சாம்பிள் எடுப்பார். சுத்தமென்றால் தெரு முழுக்க வேலை நடக்கும். இல்லையென்றால் குழாயைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"அக்கா, உனக்கு நான் எத்தினி தடவ சொன்னேன்? மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு, அதுக்குத்தான் பாகு போடறோம், அது தின்னு பெருகுனாத்தான் தண்ணியில இருக்கிற காத்து தீரும், காத்து தீந்தாத்தான் வெஷம் கரையாம அடியில படியும், அப்ப நாறும், நாறுனாத்தான் வேலை நடக்குதுன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"தலைய ஆட்டுனியா இல்லியா?"

"ஆட்டனேன். நீ படிச்ச பொண்ணு, சொல்லும்போது ஆட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?" ரத்தினம்மாளுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்தாடி, சுனாமி வந்தப்ப ஹெல்த்துக்காரம்மா இதே எடத்துல நின்னு சொல்லிக் குடுத்தாங்க. தண்ணி நாறுனா பிளீச்சிங் போடுன்னு. தெருவுல எல்லாரும் மறந்துட்டாளுங்க, நான் மறக்கல. எங்கூட்டுல ஒருத்தருக்கு வாந்தி பேதி வந்துதா கேளு."

அது உண்மைதான். சமையலறை மூலையில், அரிசித் தவலைக்குப் பக்கத்தில், பிளீச்சிங் பவுடர் போட்டுவைத்த நீல மூடி டப்பாவைக் கனிமொழியே பலமுறை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோமே என்று இப்போது தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கொஞ்சம் தண்ணீர் மொண்டு சோதனைச் சீசாவில் ஊற்றி, மருந்துத்தூளைப் போட்டுக் குலுக்கினாள். குரோமியம் இருந்தால் நிறம் மாறும். போன வாரம் மாறவில்லை. இப்போது சீசா பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. கிருமிகள் செத்ததோடு நிற்காமல், அடியில் படிந்திருந்த விஷத்தையும் பிளீச்சிங் தட்டி எழுப்பியிருந்தது.

"அழகாத்தான் இருக்கு, என்னா கலருடி இது?"

"உன் பிளீச்சிங் கலரு. வெஷம் திரும்பி வந்துடுச்சிக்கா."

ரத்தினம்மாள் நல்ல சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மோட்டார் ஓட்டுகிற சாமிக்கண்ணு அப்போதுதான் பல்குச்சியோடு வந்தான். ரத்தினம்மாளின் கொழுந்தன்.

"சாமிக்கண்ணு அண்ணே, மோட்டாரப் போடுங்க. இருக்கிற தண்ணிய மொத்தமா எறைச்சிடணும். சுத்தி இருக்கிற மண்ணு நல்லாத்தான் இருக்கு. அதுலேர்ந்து புதுசா ஊறி வர தண்ணியில சாம்பிள் எடுத்தா ஒருவேள தப்பிக்கலாம்."

சாமிக்கண்ணு ஸ்விட்சைத் தட்டினான். மறுபடி தட்டினான். "கரண்டு போயிடுச்சி மேடம்."

"எப்ப வரும்?"

"அது போறப்ப சொல்லிட்டா போச்சி?" என்றவன் கிணற்றை எட்டிப் பார்த்தான். "யாரு பண்ண வேலை இது? அண்ணி, நீங்களா? நெனச்சேன். அன்னைக்கி என் வேட்டிய ஒரே வெள்ளையாக்குறேன்னு கிழிச்சிக் குடுத்தீங்களே, அதே பிளீச்சிங்தான?"

"வாய மூடுடா. வாளிய எடு."

ரத்தினம்மாள் படலருகே போய்த் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய் கொளஞ்சி! கயிறு வாளியோட வா. கெணறு எறைக்கணும். வரும்போது எதுர்ல வர்றவளுங்க எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வா!"

எதிர்வீட்டுக் கொளஞ்சி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள் வந்தார்கள். கடற்கரை மணலில் இறக்கிய உறைக்கிணறு, ஆழம் அதிகமில்லை. மாற்றி மாற்றி இறைத்தால் முடிந்துவிடும். முதல் வாளியை மொண்ட கொளஞ்சி பழக்கதோஷத்தில் அதை வாழையடியில் ஊற்றப் போனாள்.

"கீழ ஊத்தாதீங்க!" கனிமொழி ஓடிப்போய்ப் பிடித்தாள். "அது வெஷத் தண்ணி. மண்ணுல ஊத்துனா திரும்ப கெணத்துக்குத்தான் வரும். அந்தக் காலி சின்டெக்ஸ் தொட்டியில ஊத்துங்க. அத தனியா சுத்தம் பண்ணணும்."

"தொட்டி அம்மாம் ஒசரத்துல இருக்கு! கெணத்த எறைக்கக் கூப்புட்டியா, மலையேறக் கூப்புட்டியா?" கொளஞ்சி ரத்தினம்மாளைக் கேட்டாள்.

"மாமா ஏறுவாரு," என்று ஒருத்தி சாமிக்கண்ணைக் காட்டினாள். "மாமா, பாகு பீப்பாயிக்குக் காவல் இருக்கன்னு ராத்திரியெல்லாம் மோந்துக்கிட்டே கெடந்தீங்களே, இப்ப கொஞ்சம் வேலையும் பாருங்க."

"நான் மோந்ததோட சரி. உன் ஊட்டுக்காரனக் கேளு, அவன் குடத்தோட வந்தான்."

சிரிப்பும் சண்டையுமாக வாளிகள் ஏறி இறங்கின. கனிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. போனைப் பார்ப்பதும் படலைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரத்தினம்மாள் மட்டும் யாரோடும் பேசாமல் இறைத்தாள். அவள் போட்ட கோலத்தை எல்லோரும் மிதித்துச் சேறாக்கிவிட்டிருந்தார்கள்.

அடித்தண்ணீர் கலங்கி வாளியில் மண் தட்டும்போது ஜீப் சத்தம் கேட்டது. ஞானசேகரன் சார் குனிந்து படலுக்குள் வந்தார். ஈரமும் சேறும் வாளியுமாகப் பெண்கள் நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? சாம்பிள் எடுக்கிற அன்னைக்குக் கிணத்தைக் காலி பண்றீங்க? சுண்ணாம்பெல்லாம் வேற அடிச்சிருக்கு. எனக்குக் காட்டறதுக்காக ஜோடிச்சீங்களா?"

கனிமொழிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகையில்லை, அலுப்பு. "சார், ஜோடிக்கணும்னு நெனச்சிருந்தா நேத்தே ஜோடிச்சிருப்பேன். நேத்து வரைக்கும் இது நல்லாத்தான் சார் நாறிக்கிட்டு இருந்துது!"

கொளஞ்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தினம்மாள் வாளியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "சார், அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் பிளீச்சிங் போட்டேன். நீங்க வர்றீங்கன்னுதான் போட்டேன். வெஷம் எழுந்துடுச்சின்னு அது சொல்லுது. அதான் எறைக்கிறோம்."

"எனக்காகவா?"

"பின்ன? நாத்தத்துலயா நிக்க வெப்பாங்க ஒரு ஆபீசர?"

ஞானசேகரன் சார் தொட்டியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு, "ஊறட்டும். ஊறி வர்றதை நானே மொள்ளறேன். வேற யாரும் கைவைக்கக் கூடாது," என்றார்.

எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். அடியில் மணல் பளபளத்தது. பிறகு உறையின் இடுக்குகளிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. முதலில் எதுவும் தெரியவில்லை. ஒரு காற்று மேலெழுந்து வந்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். சார் கைக்குட்டையை எடுத்தார். கனிமொழி மட்டும் குனிந்து அந்த அழுகிய முட்டை நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"பைத்தியம் புடிச்சிடுச்சி இதுக்கு," என்றாள் கொளஞ்சி.

சார் தன் கையாலேயே மொண்டார். தன் பெட்டியிலிருந்து சீசாவை எடுத்து, தன் மருந்துத்தூளைப் போட்டார். குலுக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ரத்தினம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறம் வரவில்லை. ஆனால் வெறுந்தண்ணீராகவும் இல்லை. பச்சைக் குழந்தையின் உள்ளங்கை மாதிரி ஒரு மெல்லிய சிவப்பு.

"கொஞ்சம் இருக்கு," என்றார்.

"உறைக்கு வெளியிலயும் கொஞ்சம் பிளீச்சிங் எறங்கியிருக்கும் சார். அது தீந்தா இதுவும் போயிடும். போன வாரம் பாத்தப்ப துளிகூட இல்ல சார்."

"ஆடியில எடுத்தப்போ என்ன கலர் வந்ததுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. மைசீசா மாதிரி இருந்தது." அவர் சீசாவை மூடினார். "இது பாஸ்னு நான் சொல்ல முடியாது. தையில திரும்ப வந்து எடுக்கிறேன். அதுவரைக்கும் குழாயைப் பிடுங்க வேணாம். அடுத்த ரெண்டு கொல்லையிலயும் வேலையை ஆரம்பிங்க. தையில இந்தக் கிணறு நல்லா இருந்தா மிச்சத் தெருவையும் சேர்த்துக்கலாம்."

கனிமொழி கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, கையைவிட்டும் போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு," சார் ஜீப்பில் ஏறும்போது சொன்னார். "இந்தக் கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டு போடுங்க."

ஜீப் திரும்பியதும் ரத்தினம்மாளின் குரலும் திரும்பிவிட்டது. "எங்கூட்டுக் கெணத்துக்குப் பூட்டா? என்னா திருட்டுப் பொருளா வெச்சிருக்கேன்? இந்த நாத்தத்துக்கு அந்த மஞ்சத் தண்ணியே தேவல."

"அக்கா, தை வரைக்கும். உன் காலத் தொட்டுக் கேக்கறேன். அந்த நீல டப்பாவக் குடுத்துடு."

"பேதி வந்தா?"

"இந்தத் தண்ணியத்தான் யாரும் குடிக்கறதே இல்லியேக்கா!"

அது ரத்தினம்மாளுக்கு இதுவரை தோன்றவில்லை போலும். யோசித்தாள். உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து, கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள். கனிமொழி அதைப் பையில் திணித்துக்கொண்டு நிமிரும்போது தெருமுனையில் கரகரவென்று ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. ஒரு ஆட்டோ மெதுவாக வந்துகொண்டிருந்தது.

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றது அது. வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் இலவசமாக வழங்கப்படுகிறது, அனைவரும் தவறாமல் பெற்றுக்கொண்டு அவரவர் கிணற்றில் இன்றே போடவும் என்றது.

அடுத்த கொல்லைக்காரி வீட்டுக்குள் போய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். அதற்கடுத்த கொல்லைக்காரி அண்டாவோடு வந்தாள்.

"வேணாம்! வாங்காதீங்க! ஏங்க, ஆட்டோ, நிறுத்துங்க!" கனிமொழி படலைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். தோள்பையில் நீல டப்பா லொடலொடவென்று அடித்தது.

"அடியே, டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டு ஓடுடி!" பின்னாலிருந்து ரத்தினம்மாள் கத்தினாள். "லாரித் தண்ணிதான்!"