வெள்ளிக்கிழமைக்குள் கொல்லை

போளூரிலிருந்து வந்த அக்கா கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே சாத்தினாள்.

"இன்னும் வெட்டலையாடா சோமு?"

"இல்லை."

"வெள்ளிக்கிழமை பொண்ணாத்துக்காரா வரா. கிணத்தைப் பாக்காம போவாளா? தண்ணி உப்பா, கோடையில வத்துமான்னு கேப்பா. அவா கண்ணுல முதல்ல இதுவா படணும்?"

இது என்றால் இரண்டு மரங்கள். கிணற்றடி மாமரத்துக்கு ஒரு பக்கம் கரி, மறுபக்கம் இலை. மதிலோரத்துப் பவழமல்லிக்கு எல்லாப் பக்கமும் கரி. கார்த்திகை தீபத்தன்று எரிந்தவை. இப்போது மாசி.

என் மனைவி லலிதாம்பாள் ஐப்பசியில் டைபாய்டில் போனாள். காரியம் முடிந்து வாசல் பந்தலைப் பிரித்தபோது அந்தத் தென்னங்கீற்றை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. கொல்லையில் மதிலோரம் சாய்த்து வைத்தேன். சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. தீபத்துக்கும் விளக்கு ஏற்றுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முன்னறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவே அரோகரா என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அன்று ஊரெல்லாம் புகைதான். எழுந்து போய்ப் பார்த்தபோது கீற்று எரிந்து முடிந்திருந்தது. நெருப்பு மரங்களில் இருந்தது.

தெருப் பையன்கள் கரித்தூள் கட்டிச் சுற்றிய மாவலியின் பொறி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு மறுகல்யாணம் செய்து வைக்க அக்கா கனகாம்பாள் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆனாலும் கோயிலில் எங்கள் குடும்பத்துக்குப் பூஜை முறை இருக்கிறது. பெண்டாட்டி இல்லாதவன் சுவாமியைத் தொடக் கூடாது. இப்போது சித்தப்பா பிள்ளை எனக்காகச் செய்கிறான். முறை அவன் கைக்கே போய்விடும் என்று அக்காவுக்குப் பயம்.

"மரம் வெட்டற அர்ஜுனனை வரச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை காத்தால வெட்டிடலாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை.

கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்தவன் நான். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மாமரத்தில் இலை இருந்த பக்கம் பச்சை. கரிப் பக்கம் பழுப்பு. பச்சை எதுவரை? கொஞ்சம் தள்ளிச் சுரண்டினேன். இன்னும் கொஞ்சம். பவழமல்லியில் எங்கே சுரண்டினாலும் பழுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் வந்து, காலையில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடியும் சுரண்டினேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போனேன். அக்கா மோர் சாதத்தை மூடி வைத்தாள்.

பவழமல்லி லலிதா வைத்தது. ராத்திரி என் பழைய வேஷ்டியை அதன் அடியில் விரிப்பாள். விடிந்ததும் உதிர்ந்த பூவை அள்ளிக் கோயிலுக்குக் கொடுத்தனுப்புவாள்.

அன்று சாயங்காலமும் பக்கத்து வீட்டு அபீதா மாமி துவைக்கிற கல்லின் மேல் ஏறி, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே பவழமல்லிக்குக் குடத்தைச் சாய்த்தாள். தை முழுக்க இப்படித்தான்.

"வெட்டிடாதேடா. சித்திரை வரைக்கும் பாக்கலாம்."

"காஞ்சு போச்சு மாமி."

"வேர்ல இருக்கும்டா. உனக்கென்ன தெரியும்?"

"இருந்த வேரும் உன் தண்ணியில அழுகியாச்சு" என்றாள் அக்கா, உள்ளே இருந்தபடி.

"கனகாவா? எப்போ வந்தே? இளைச்சுட்டியேடி."

"பேச்சை மாத்தாதே."

வியாழக்கிழமை அர்ஜுனன் கோடாலியும் கயிறுமாக வந்தான். மாமரத்தைச் சுற்றி வந்தவன் சிரித்துவிட்டான்.

"இன்னா சாமி, பெருச்சாளி கடிச்சா மாதிரி கீது? நெருப்பு சுட்டது பாதி, நீங்க உரிச்சது பாதி. என்னை எதுக்குக் கூப்டீங்க? இன்னும் ரெண்டு நாள் சுரண்டியிருந்தா அதுவே உழுந்திருக்கும்."

பார்த்தேன். என் கத்தித் தடங்கள் பச்சைப் பக்கத்தில்தான் ஜாஸ்தி.

"சிரிக்காம வேலையைப் பாரு" என்றாள் அக்கா. "ரெண்டையும் தள்ளிடு."

"நில்லுடா அர்ஜுனா!"

மாமி சந்து வழியாகச் சுற்றி ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துப் பேசினாள்.

"மாவலி இல்லைடா சோமு. நான்தான். அன்னிக்குத் தெருவே ஜொலிக்கறது, உங்காத்துல மட்டும் இருட்டு. அவ இருந்தா எத்தனை விளக்கு வெப்பா? எனக்கு மனசு கேக்கலை. எங்காத்து அகல் ஒண்ணை மதில் மேல உங்க பக்கமா வெச்சேன். கீழே கீத்து இருக்கறது தெரியலை. காத்து தள்ளிடுத்து."

அக்காவுக்குக் குரல் உயர்ந்தது. "விளக்கு ஏத்தக் கூடாத ஆத்துல விளக்கு வெச்சியா? உனக்குப் புத்தி எங்கேடி போச்சு?"

"மதில் பொதுதானே, கனகா."

அர்ஜுனன் திரும்பிக்கொண்டு கோடாலியைத் துடைத்தான்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் முன்னறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

"எந்த இடத்துல வெச்சேள், மாமி?"

காட்டினாள். லலிதா வேஷ்டி விரிக்கும் இடத்துக்கு நேர் மேலே.

"இந்த மரம் செத்துப்போச்சு மாமி. இனிமே தண்ணி விட வேண்டாம்."

செத்துப்போச்சு என்ற வார்த்தையை ஐப்பசியிலிருந்து நான் சொன்னதில்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அர்ஜுனா, பவழமல்லியை வெட்டு."

மெல்லிய மரம். அதிக நேரம் ஆகவில்லை. விழுந்தபோது கரி உதிர்ந்து ஈரத் தரையில் பரவியது.

"அப்போ இது?" மாமரத்தைத் தட்டினான்.

"இருக்கட்டும்."

"கரி மூஞ்சியோட நிக்கறதேடா" என்றாள் அக்கா. "நாளைக்கு அவா கேட்டா?"

"எரிஞ்சதுன்னு சொல்லு. எப்படின்னு கேட்டா நான் சொல்றேன்."

"விளக்குக் கதையையா சொல்லப் போறே? எந்தப் பொண்ணைப் பெத்தவன் அப்புறம் காபி குடிப்பான்?"

"குடிக்காட்டா போகட்டும்."

அக்கா அருகில் வந்தாள். கையை நீட்டினாள். "கத்தியைக் குடு. நாளைக்குக் காய் நறுக்கணும்." வீட்டில் அரிவாள்மணை இருந்தது. கொடுத்தேன்.

சாயங்காலம் கொல்லைக்குப் போனேன். மாமரத்தடியில் நின்று சட்டைப் பைக்குள் கையை விட்டேன். கத்தி இல்லை. உள்ளே வந்தேன். சற்றுக் கழித்து மறுபடியும் போனேன்.