படத்தின் பின்பக்கம்

இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் லுட்விகா அந்தப் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

ஜெர்மானியர் போலந்துக்குள் புகுந்தபின் வந்த நான்காவது குளிர்காலம் அது. ஜெர்மன் சிப்பாய்கள் அவர்களுடைய ஸ்டுடியோவில் கழுவக் கொடுக்கும் ஒவ்வொரு பிலிமிலும் அவள் ரகசியமாக ஒரு பிரதி கூடுதலாகப் போடுவாள். ராணுவ லாரிகள், கவச வண்டிகள், கூரை எரிந்த கிராமங்கள். தெரிந்த ஊரென்றால் பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி, மருந்துப் புட்டிகளுக்குப் பின்னே ஒளித்துவைப்பாள். மாதம் ஒருமுறை கணவன் செவெரின் அவற்றைக் காலணிக்குள் வைத்து வார்சாவிலுள்ள எதிர்ப்பு இயக்கத்தாரிடம் கொண்டுபோவான். பிடிபட்டால் இருவரையும் ஸ்டுடியோ வாசலிலேயே சுட்டுவிடுவார்கள்.

இந்தப் படத்தின் பின்னால் எழுதியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது; ஒளித்ததோ வெற்றுப் பிரதி. அப்படியானால், எழுதிய பிரதி காலையில் படங்களை வாங்கிப்போன சிப்பாயிடம் உறையோடு போய்விட்டது.

விஷயத்தைக் கேட்டதும் செவெரின் ஒன்றும் திட்டவில்லை. கொக்கியிலிருந்து அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினான்.

"பின்வாசல் வழியா உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. நான்தான் எழுதினேன்னு சொல்லிக்கிறேன்."

"உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்தா எவன் நம்புவான்? ரசீதெல்லாம் என் கையெழுத்துல இருக்கு."

அவள் கோட்டை வாங்கவில்லை. வாசல் மணி ஒலித்தது.

அதே சிப்பாய்தான். உறையிலிருந்து ஒரே ஒரு படத்தை உருவி மேசையில் கவிழ்த்துப் போட்டான். மாதா கோயில் கோபுரம் மட்டும் மிஞ்சி நின்ற ஊரின் படம்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்." லுட்விகா முந்திக்கொண்டாள். மேசைக்கடியில் செவெரினின் கை அவள் விரல்களைத் தேடிப் பிடித்தது.

"ஊர் பேரு எப்படித் தெரியும்?"

"அந்தக் கோயில்லதான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு."

அது பொய்யில்லை. சிப்பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டைப் பைக்குள் அவன் கை போனது. வெளியே வந்தது ஒரு பென்சில்.

"தேதி தப்பு. பதினாலாம் தேதி." அடித்துத் திருத்திவிட்டு, மீதிப் படங்களையும் அவள் பக்கம் தள்ளினான். "எல்லாத்துலயும் இதே மாதிரி எழுதிக் கொடு. என் வீட்டுக்கு அனுப்பணும். ஊர் பேரும் தேதியும் நான் சொல்றேன்."

பதினொரு படங்கள். அவன் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் எழுதினாள். எழுத்து கோணியது.

"ஏன் இப்படி நடுங்குறே? அடுப்புகூட மூட்ட மாட்டானா உன் புருஷன்?" என்று சிரித்தான்.

போகும்போது, வியாழக்கிழமை இன்னொரு பிலிம் கொண்டுவருவதாகச் சொன்னான். இன்னும் நாலு ஊர் பாக்கி இருக்கிறதாம்.

கதவு சாத்தியதும் லுட்விகா இருட்டறைக்கு ஓடி, அதே படங்களின் வெற்றுப் பிரதிகளை அள்ளிவந்தாள். பென்சில் விரல்களில் நிற்கவில்லை. அதைக் கணவன் கையில் திணித்தாள்.

"அவன் சொன்ன ஊர் பேரெல்லாம் மறந்துபோறதுக்குள்ள எழுது, செவெரின். கோழிக் கிறுக்கலா இருந்தாலும் பரவாயில்லை."