சிரித்த முகமாய் ஒரு சாவி

லிங்கசாமியின் லான்சர் காரைத் தெரியாதவர்கள் மங்கலம் ரோட்டில் கிடையாது. அது ஓடிப் பார்த்தவர்கள்தான் கிடையாது.

அந்தக் காருக்கு அவர் செய்யாத வேலை இல்லை. இன்ஜினுக்கு டர்போ வைத்தார், அகல டயர் போட்டார், ரேஸ் வண்டியில் இருப்பது போல ஆளை இறுக்கிப் பிடிக்கிற சீட்டு வைத்தார், பாடியைத் தரையோடு தரையாக இறக்கினார். இறக்கியதுதான் வினை. திருப்பூர் ரோட்டுக்கும் அந்த வண்டிக்கும் ஜாதகப் பொருத்தமே இல்லாமல் போனது. ஒரு ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டுவதற்குள் வண்டியின் அடிவயிறு உரசும், இவர் முகம் சுருங்கும். அதனால் ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பினால் அந்த வருஷத்து ஓட்டம் முடிந்தது. மற்ற நாளெல்லாம் அவருடைய பனியன் கம்பெனிக்குப் பின்னால் தகர ஷெட்டில், எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட துணியில் தைத்த உறைக்குள் அது தூங்கும்.

"கட்டுன பொண்டாட்டிய ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகல, அதுக்கு மட்டும் நல்ல காட்டன்ல சட்டை" என்று சுப்புலட்சுமி சொல்லாத வாரம் இல்லை. அதைக் கேட்டு அவருக்கு ரோஷம் வந்ததே இல்லை. சந்தோஷம்தான் வரும், மனுஷனுக்கு.

இப்படிப்பட்ட பொக்கிஷத்தை எவனாவது தள்ளிக்கொண்டு போய்விட்டால்? அதற்கும் ஒரு வழி செய்தார். டேஷ்போர்டுக்கு அடியில், இடது பக்கம் உட்காருபவரின் முழங்காலுக்கு நேராக, வெளியே தெரியாமல் ஒரு சுவிட்ச் வைத்தார். அதைப் போடாவிட்டால் பெட்ரோல் பம்ப் வேலை செய்யாது. சாவியே கிடைத்தாலும் திருடன் செல்ஃப் அடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வண்டியைத்தான் இன்று விற்க வேண்டும். சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை கட்டிங் பிரிவில் துணி வெட்டுகிற பேண்ட் நைஃப் மெஷின் நாகஜோதியின் வலது கையை வெட்டிவிட்டது. கோவில்பட்டிப் பக்கமிருந்து அப்பா குருசாமியோடு பிழைக்க வந்த பெண். ஓவர்லாக் டெய்லர், நல்ல வேலைக்காரி. அன்று கட்டிங்கில் ஆள் வரவில்லை, லிங்கசாமிதான் அவளை அங்கே ஒத்தாசைக்குப் போகச் சொன்னார். பழக்கமில்லாத மெஷின். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

வாசலில் கம்பெனியின் சரக்கு வண்டி, குட்டியானை, நின்றிருந்தது. பண்டல்களை அப்போதுதான் இறக்கிவிட்டு டிரைவர் மோகன்ராஜ் சாவியோடு ஓடிவந்தான். "அண்ணா, ஏத்துங்க, நான் கொண்டுபோயிர்றனுங்க" என்று கத்தினான். லிங்கசாமிக்கு அந்த நேரத்தில் புத்தியில் பட்டது ஒன்றே ஒன்றுதான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியைவிட வேகமாகப் போகிற வண்டி இந்த ஊரில் எது இருக்கிறது? நாகஜோதியை ஷெட்டுக்கு நடத்திக்கொண்டு போனார், உறையை இழுத்துப் போட்டார், அவளைச் சீட்டில் உட்கார வைத்தார், சாவியைத் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் இல்லை. பானெட்டைத் திறந்து பிளக் வயரை அமுக்கினார், பேட்டரி முனையைத் திருகினார், மறுபடி ஓடிவந்து சாவியைத் திருப்பினார். பனியன் துணியில் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண், "குட்டியானையிலயே போயிருவோம் மொதலாளி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை சொன்னாளோ, இவர் காதில் விழவில்லை. பேட்டரி செத்துப்போய் செல்ஃப் சத்தமும் நின்ற பிறகுதான் விழுந்தது. மோகன்ராஜ் வந்து, இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளை இறக்கித் தூக்கிக்கொண்டு போனான்.

சுவிட்ச் அவள் முழங்காலுக்கு எதிரேதான் இருந்தது. வைத்தவருக்கே அன்று அது ஞாபகம் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

"இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். ஆள்காட்டி விரல் போனது. நடுவிரலை ஒட்டினார்கள். இப்போது ஒட்டிய இடத்தில் தோல் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. நாளைக் காலை இன்னொரு ஆபரேஷன் செய்தால் அந்த விரல் தப்பும், தள்ளிப்போட்டால் அதையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். பணத்தை இன்றே கட்டச் சொல்கிறார்கள். ஈ.எஸ்.ஐ.யில் அவள் பெயரை அடுத்த மாசம் சேர்த்துவிடலாம் என்று போன தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவரும் நம் லிங்கசாமிதான். மெஷின்கள் பாங்குக்கு அடமானம், சுப்புலட்சுமியின் நகை நூல் வாங்கப் போயாகிவிட்டது, நிலம் அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கிறது. சொந்தம் என்று மிச்சம் இருப்பது இந்தக் கார் ஒன்றுதான்.

மத்தியானம் வெள்ளகோவிலிலிருந்து நித்தீஷ் வந்தான். எண்ணெய் மில் வீட்டுப் பையன், வண்டியின் படத்தைப் போனில் பார்த்ததிலிருந்து தூங்கவில்லையாம். கூடவே அவன் அம்மா மயிலாள் வந்திருந்தார். பணம் மயிலாளின் மஞ்சப்பையில் இருந்தது, எலுமிச்சம்பழத்தோடு. ஆக, வண்டியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் மகன். வாங்குவதா வேண்டாமா என்பது அம்மாவின் கையில்.

நித்தீஷ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மயிலாள் கதவைத் திறந்து இடது சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"சீட்டுக்கு மட்டும் புதுசாத் துணி போட்டாப்ல இருக்குதுங்களே தம்பி?"

"நம்ம கம்பெனித் துணிதானுங்கம்மா. பழசு நெறம் போயிருச்சுங்க" என்றார் லிங்கசாமி. இரண்டு நாளாகத் தேய்த்தும் போகாத கறையின் மேல் அந்தத் துணியை அவரே ஊசி நூல் வைத்துத் தைத்திருந்தார். மயிலாள் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாரோ என்று அந்த அம்மாளின் விரலையே பார்த்தார். தூக்கவில்லை.

நித்தீஷ் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "ஜில்லுனு இருக்குதுங்கண்ணா. இப்பிடியே ஸ்டார்ட் பண்ணுங்க, பாக்கோணும். சூடாக்கி வெச்சுருந்தா எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆயிருமுங்க."

லிங்கசாமி உள்ளே உட்கார்ந்தார். பேட்டரிக்கு நேற்றே சார்ஜ் ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சாவியைப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. இடது பக்கம் சாய்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டார். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பினார்.

ஒரே சுற்று. இன்ஜின் பிடித்துக்கொண்டது. தகர ஷெட் அதிர்ந்தது, நித்தீஷ் குழந்தை மாதிரிக் கைதட்டினான்.

லிங்கசாமி உடைந்துபோனார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே, வாய்விட்டு அழுதார். இவ்வளவுதானா? இவ்வளவுதான். ஒரு விரலை நீட்டி ஒரு சுவிட்சை அழுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"வண்டிய அணைங்க" என்று மயிலாளின் குரல் கேட்டது. அணைத்தார்.

"ஏனுங்க தம்பி, அழுகறீங்களா?"

"இல்லீங்கம்மா."

"நித்தீசு, வா போலாம்." மயிலாள் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அழுதுட்டுக் குடுக்கற பொருள் நம்மூட்டுக்கு ஆகாது சாமி. உங்கப்பன் ஒருக்கா அப்பிடித்தான் ஒரு எருமையப் புடிச்சுட்டு வந்தாரு. வித்தவ கட்டுத்தறியப் புடிச்சுட்டு நின்னு அழுதாளாம். நம்மூட்டுக்கு வந்து அது ஒரு நா ஒழுங்காக் கறக்கல, வருசத்துக்குள்ள செத்தும் போச்சு. அவிய ஆசையா வெச்சுருந்த வண்டி, அவியளே வெச்சுக்கட்டும்."

"அம்மா, கார்மா இது" என்று நித்தீஷ் முனகினான்.

"எதா இருந்தா என்ன? கண்ணீரு கண்ணீருதான்."

அவர்கள் வந்த வண்டியை நோக்கி நடந்தார்கள். லிங்கசாமி வண்டியிலிருந்து இறங்கினார். எது சொன்னாலும் மாட்டிக்கொள்வார். பாசத்தில் அழுதேன் என்றால் வாங்க மாட்டார்கள். இந்த வண்டியில் ஒரு பெண் ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்தாள், அவளை நினைத்து அழுதேன் என்று உண்மையைச் சொன்னால் ஷெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வேறு ஆள் தேட நேரம் இல்லை. சட்டைப்பையில் போன் துடித்தது. குருசாமியாகத்தான் இருக்கும், கட்டியாகிவிட்டதா என்று கேட்பார். எடுக்கவில்லை. ஓடிப்போய் அவர்கள் கார்க் கதவுக்கு முன்னால் நின்றார்.

"கண்ணுல பஞ்சு உழுந்துருச்சுங்கம்மா. பனியன் கம்பெனி பாருங்க, பஞ்சாத்தான் பறக்குமுங்க."

மயிலாள் அவரை உற்றுப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயுமா?"

"நான் சந்தோசமாத்தானுங்க குடுக்கறேன். சத்தியமா. இந்த வண்டி இனி என் கண்ணு முன்னால நிக்கவே கூடாதுங்கம்மா."

சொன்ன பிறகுதான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. மயிலாள் விடுவாரா? "ஏனுங்க அப்பிடிச் சொல்றீங்க? வண்டில ஏதாச்சு ஆயிருக்குதா? ஆரையாச்சும் அடிச்சுருச்சுங்களா?"

"இந்த வண்டி ஒரு மனுசர் மேல உரசுனதுகூட இல்லீங்கம்மா."

அது சத்தியமான வார்த்தை. இந்த வண்டி யாரையும் தொடவில்லை, நகரவே இல்லையே. "ஊட்டுல எடமில்லீங்க, நானும் ஓட்டறதில்ல. தம்பி கையில போனாலாவது ஓடும். வாங்கிக்கங்கம்மா. உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்று நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். நாலு பேருக்குச் சம்பளம் போடுகிற மனுஷன், நடுவெயிலில், முன்பின் தெரியாத ஒரு அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். தையல் பிரிவின் ஜன்னலில் தலைகள் தெரிந்தன.

மயிலாள் மஞ்சப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "சரிங்க தம்பி. அப்ப சிரிச்ச மொகமாக் குடுங்க. நீங்களே டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, நல்லா ஓடட்டும்னு வாய்நெறையச் சொல்லி, சிரிச்சுட்டே சாவியக் குடுங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுக் குடுத்தா எனக்கு வேண்டாம்."

எலுமிச்சம்பழம் வைத்தார். நல்லா ஓடட்டும் என்று சொன்னார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உதட்டை இழுத்துப் பார்த்தார்.

"இது சிரிப்புங்களா?" என்றார் மயிலாள்.

பையில் போன் மறுபடி துடித்தது. லிங்கசாமி தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பதற்கு எதையாவது தேடினார். கல்யாண வீடு, குழந்தைகள், பழைய கூத்து எதுவும் வரவில்லை. கடைசியில் சுவிட்ச்தான் வந்தது. திருடனை ஏமாற்ற வைத்த சுவிட்ச். இத்தனை வருஷத்தில் அதில் ஏமாந்த ஒரே ஆள் அவர்தான். ஊரிலேயே வேகமான வண்டி, ஒரு அடி நகரவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற தன் பின்பக்கத்தைத் தானே பார்ப்பது போல இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறுத்த முடியவில்லை. நித்தீஷும் காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"இப்பவும் கண்ணுல தண்ணி வருதே" என்று மயிலாள் சொன்னார். "அது பரவால்லீங்க. சிரிச்சு வர்றதுதானே." மஞ்சப்பையிலிருந்து பணத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பி" என்று லிங்கசாமி நித்தீஷைக் கூப்பிட்டார். "இதுக்கு அடீல ஒரு சுவிட்ச் இருக்குதுங்க. அதப் போட்டாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். மறந்தராதீங்க."

"அதெப்பிடிங்கண்ணா மறக்கறது?" என்றான் நித்தீஷ்.

வண்டி கேட்டைத் தாண்டும்போது அடிப்பக்கம் கல்லில் கரகரவென்று உரசியது. லிங்கசாமியின் முகம் சுருங்கவில்லை. குட்டியானையில் ஏறி உட்கார்ந்து, "போலாம் மோகன்ராஜு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பணத்தைக் கட்டி முடித்தபோது சாயங்காலம். காலையில் முதல் ஆபரேஷன் இவளுக்குத்தான் என்று நர்ஸ் சொன்னாள். குருசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாருக்கணும் மொதலாளி" என்றார். அந்தக் கையிலிருந்து தன் கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று லிங்கசாமிக்குத் தெரியவில்லை.

நாகஜோதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்திருந்தார்கள்.

"வண்டிய வித்துட்டீகளாம்ல மொதலாளி. அய்யா சொன்னாக."

"ஆமா கண்ணு. வித்தாச்சு."

"வாங்க வந்தவுக ஓட்டிப் பாத்தாகளா? ஸ்டார்ட் ஆச்சா?"

மத்தியானத்திலிருந்து சொன்ன பொய்களோடு இன்னொன்று நாக்கு நுனிக்கு வந்தது. இல்லை கண்ணு, தள்ளிக்கொண்டுதான் போனார்கள், அது என்றைக்குமே சரியில்லாத வண்டி. அதைச் சொல்லியிருந்தால் அவளுக்கும் மனசு ஆறும், இவரும் தப்பித்துக்கொள்வார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு கண்ணு" என்றார் லிங்கசாமி. "மொதத் தடவையிலயே."

நாகஜோதி தலையணை மேலிருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.