சாக்ஸும் உறுமியும்

இசைவாணி வாசலுக்கும் ஃப்ரீசர் பெட்டிக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தாள். பெட்டிக்குள் அவள் அப்பா பகலவன். சென்னையின் பெரிய ஓட்டல்களில் ஜாஸ் சாக்ஸபோன் வாசித்தே காலத்தை ஓட்டிய மனிதர். பிள்ளைப்பாக்கத்தில் அவர் வாசித்துக் கேட்டவர்கள் குறைவு. ஆனாலும் தெருவே கூடியிருந்தது.

"குந்துடி, கால் நோவல?" என்றார் பெரியப்பா ராமன்.

எப்படி உட்காருவாள்? வனமாமலை இன்னும் வரவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஞாயிறுதோறும் மாடி அறையில் அவருடைய உறுமி மேளமும் அப்பாவின் சாக்ஸும் சேர்ந்து ஒரு ஜாஸ் ஆல்பமே பண்ணியிருந்தன. பொருந்தாத ஜோடி என்று சிரித்தவர்கள் உண்டு. முடித்த பாட்டுகள் இன்று காலைதான் அவள் போனுக்கு வந்து சேர்ந்தன. பாவி மனுஷர் அப்பா, ஒருநாள் பொறுத்திருக்கக் கூடாதா? அந்த ஆற்றாமையில்தான் வனமாமலைக்குப் போன் போட்டு, "சித்தப்பா, உறுமிய எடுத்துகினு வாங்க, அப்பாவுக்கு வாசிங்க" என்று அழுதிருந்தாள்.

கம்பெனி யூனிஃபார்மும் தோளில் உறுமியுமாக அவர் வந்ததும் பெரியப்பா முந்திக்கொண்டார். மனிதர் கெட்டவரில்லை, காரியம் நடந்தால் போதும் அவருக்கு. காகிதத்தில் சுற்றிய குவார்ட்டரை வனமாமலையின் கையில் திணித்தார்.

"நீதான் மோளமா? ஒண்டியாவா வந்துகிறே? ஊத்திக்கினு அப்டி ஓரமா நின்னு அடி. உள்ள வராத."

வனமாமலை இசைவாணியைப் பார்த்தார்.

"சாவுக்கு அடிக்க மாட்டேன்னுதாம்மா ஊர விட்டே வந்தேன். பகலவன் அண்ணாச்சிக்குத் தெரியும். நீ அழுதியேன்னு எடுத்தாந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. பெரியப்பாவைச் சொல்லி என்ன செய்ய? வனமாமலையை அந்த ஓரத்துக்கு வரவழைத்தவளே அவள்தான்.

பாட்டிலை வாங்கிப் பெரியப்பாவிடமே கொடுத்தாள். "இவுரு மோளம் இல்ல பெரிப்பா. அப்பாவோட ஜோடி. உள்ள வந்து குந்துவாரு."

"மொறன்னு ஒண்ணு கீதே! சனம் இன்னா பேசும்?"

"பேசட்டும்."

உறுமியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வனமாமலையை அப்பாவின் தலைமாட்டில் உட்காரவைத்தாள். "நீங்க ஒண்ணும் வாசிக்க வேணாம் சித்தப்பா. கேளுங்க, போதும்." காலையில் வந்த பாட்டைப் போட்டு, போனைப் பெட்டி மேல் வைத்தாள்.

சாக்ஸ் எழுந்தது. முணுமுணுப்பு மெல்ல அடங்கியது. வனமாமலைக்கு ஜாஸின் தாளக் கணக்கு கடைசிவரை பிடிபடவேயில்லை. பகலவன் மூச்சு இழுக்கும் இடம் பார்த்து உறுமியோடு உள்ளே நுழைவார். அதுதான் அவர்கள் இருவரின் கணக்கு.

சாக்ஸ் நின்றது. ஓர் ஆள் மூச்சை இழுக்கும் சத்தம் அறையில் தெளிவாகக் கேட்டது.

வனமாமலையின் கை மடியிலிருந்து தானாக எழுந்தது. பெரியப்பா திடுக்கிட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.