வரியின் முதல் சொல்

நன்றாகப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தடுமாறக் கற்றுக் கொடுப்பது அப்படியொன்றும் லேசான காரியம் அல்ல. சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள், நடுவில் அன்றைய செய்தித்தாள். மகள் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிப்பாள். வரி முடிகிற இடத்தில் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவ வேண்டும். நீளமான சொல் வந்தால் பாதியில் நின்று, உதட்டைக் கடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் டைம் சார் போட்டுக் கொடுத்த பாடம்.

டைம் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். கல்லூரி விண்ணப்பம், அதோடு வைக்கும் கட்டுரை, எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி எட்டும் என்ற கணக்கு, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஆள் போகும். ஆனால் அந்தப் பெயர் வந்தது வேறொரு வேலைக்காக. வாசிப்பதில் குறைபாடு இருக்கிறது என்று நிபுணரின் சான்றிதழ் இருந்தால், நுழைவுத் தேர்வில் மற்றவர்களைவிடப் பாதி நேரம் கூடுதலாகக் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழுக்கு வழி சொல்பவர் அவர்தான்.

மகள் மக்கு அல்ல. மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் தொட்ட கேள்வியெல்லாம் சரி. தொட நேரமில்லாமல் விட்ட கேள்விகள்தான் அவளைக் கவிழ்த்தன.

"உங்க பொண்ணுக்கு அறிவு குறையல மேடம், நேரம்தான் குறையுது. அதை நாம வாங்கிக் குடுப்போம்" என்றார் டைம் சார், ஏதோ அவசரத்துக்குக் குடை கடன் கொடுப்பவர் மாதிரி.

அம்மாவுக்கு உறுத்தத்தான் செய்தது. மருந்து அட்டைப்பெட்டிகள் அச்சாகும் இடத்தில் பிழை பார்ப்பது அவள் வேலை. ஓர் எழுத்து விட்டுப்போனால் கட்டுக் கட்டாகப் பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறவள், வீட்டுக்கு வந்து மகளுக்குச் சொல்லை விடப் பழக்கினாள். அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எல்லாரும் செய்யறாங்க. நாம மட்டும் யோக்கியனா இருந்து யாருக்கு லாபம்?"

சோதனை நாளில் மகள் பிரமாதமாகத் தடுமாறினாள். சான்றிதழும் வந்தது. திரும்பி வரும்போது காரில் அவள் சொன்னாள்: "எனக்குப் படிக்க வராதுன்னு கையெழுத்துப் போட்டே குடுத்துட்டாங்க. இனிமே நான் எதுக்குப் படிக்கணும்?" அப்பா சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது.

டைம் சார் மட்டும் எச்சரித்தார். "தேர்வு ஆபீஸ்ல சந்தேகப்பட்டா மறுபடி கூப்பிடுவாங்க. தேர்வு முடியற வரைக்கும் பயிற்சியை விடாதீங்க. வீட்டுல இருக்கும்போதும் அப்படியே இருக்கட்டும். உடம்புல ஊறிடணும்."

ஊறத்தான் செய்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் மகள் அறையை விட்டு வெளியே வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். மறுநாளும் அதே தோள், அதே நிலை. தம்பிக்காரன் கைதட்டினான். "அக்கா, படிக்கத் தெரியாத மாதிரிதானே நடிக்கச் சொன்னாங்க? நடக்கத் தெரியாத மாதிரியுமா?"

"போடா குரங்கு" என்றாள் அவள், தோளைத் தேய்த்துக்கொண்டே.

தட்டில் வைத்த முட்டையில் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை அப்படியே விட்டு எழுந்தாள். தேர்வு பயத்தில் பசி இல்லை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பயிற்சிக் காரை ஓட்டக் கொடுத்தபோது இடது பக்கக் கண்ணாடியை மதில் சுவரில் உரசி உடைத்தாள். "நல்லா நடிக்கிறே தாயே, என் பிழைப்புல கை வைக்காதே" என்று அப்பா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தலை வலிக்கிறது என்றாள். தேர்வு எழுதப்போகிற எந்தப் பிள்ளைக்குத்தான் தலை வலிக்கவில்லை? வீட்டில் எது நடந்தாலும் சிரிப்பதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது.

அன்றைக்கு அம்மா வேலையிடத்தில் ஒரு கட்டுப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். வெட்டும் இயந்திரம் நகர்ந்துபோய், பெட்டியின் இடது ஓரத்தில் இருந்த எழுத்துகளை எல்லாம் தின்றுவிட்டிருந்தது. மருந்தின் பெயர் பாதியிலிருந்து தொடங்கியது. சாயங்காலம் சமையலறை மேசையில் மகள் வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி கேட்பதற்குள் அம்மாவின் கை காய்கறிக் கத்தியோடு நின்றுவிட்டது. காலையில் பார்த்த பெட்டிகள் மாதிரியே இருந்தது மகளின் வாசிப்பு.

எழுந்து போய் மகளின் தோளுக்குப் பின்னால் நின்று, வரியோடு வரியாக ஒப்பிட்டாள். வரியின் கடைசிச் சொற்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. வராதவை முதல் சொற்கள்.

"ஏன்டி, சார் கடைசி வார்த்தையைத்தானே விடச் சொன்னாரு? நீ எதுக்கு முதல் வார்த்தையை விடுறே?"

"எந்த முதல் வார்த்தை?"

"இந்தா, இது." அம்மா பத்தியின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

மகள் குனிந்து பார்த்தாள். பிறகு தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "அட, இங்க இருக்கா" என்றாள், தொலைந்த பேனா கிடைத்தவள் போல. "இன்னிக்கு எனக்கு நடிக்கவே மூட் இல்லம்மா. சும்மாதான் வாசிச்சேன்."

அம்மா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தேநீர் போட்டு, கோப்பையைச் சத்தமில்லாமல் மகளின் இடது கைப் பக்கம் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆவி பறந்தது, அடங்கியது, மேலே ஆடை கட்டியது. மகள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "டீ போடறேன்னியே, என்னாச்சு?"

அம்மா வீட்டு மாடிப்படியில் நின்று டைம் சாரைப் போனில் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், பயிற்சி ஜாஸ்தியானா சில பிள்ளைங்களுக்கு இப்படி ஒட்டிக்கும். தேர்வு முடிஞ்சதும் தானா போயிடும்."

"டாக்டர்கிட்டக் காட்டலாம்னு இருக்கேன்."

"காட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. தேர்வு அடுத்த வாரம்தானே? அதுக்கப்புறம் காட்டுங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்பப் போனா எப்பலேர்ந்துன்னு கேப்பாங்க. முன்னாடி பொண்ணு நல்லாத்தான் படிச்சுதுன்னு நீங்க சொன்னா அது எழுத்துல ஏறிடும். சான்றிதழ் போயிடும். தேர்வு ஆபீஸுக்குத் தெரிஞ்சா எந்தக் கல்லூரியும் சேத்துக்காது. என் பேரு உங்க வாயிலேர்ந்து வராதுன்னு எனக்குத் தெரியும். நான் பொண்ணைப் பத்திதான் சொல்றேன்."

மிரட்டினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல். அம்மா போனை வைத்துவிட்டாள். கீழே தம்பி, அக்காவின் இடது பக்கமாகப் பூனைநடை போட்டுப் போய் அவளுடைய ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் தட்டைப் பார்த்து விழித்தாள். அவனுக்கு அது புது விளையாட்டு. தினமும் ஜெயிக்கிற விளையாட்டு.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போகவில்லை. அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகளின் இடது பக்கம் அம்மா நடந்தாள். கதவு, தூண், தள்ளுவண்டி எது வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் இளம் வயதுக்காரர், கண்ணில் தூக்கம் மிச்சம் இருந்தது. வார்த்தை விட்டுப்போவதையும் இடித்துக்கொள்வதையும் தலைவலியையும் அம்மா சொல்லி முடிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு ஃபைலை நீட்டினார். மேலாகவே இருந்தது சான்றிதழ். அதை வைத்தது அவர்தான் என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் அதைப் படித்ததும் முகம் தெளிந்து நாற்காலியில் சாய்ந்தார். "ஓ, சின்ன வயசுலேர்ந்தே வாசிக்கிறதுல சிரமம் இருக்கா. அதான் வார்த்தை விட்டுப்போகுது. இடிச்சுக்கறதும் சில பேருக்குக் கூடவே இருக்கும். தேர்வு வேற வருது, டென்ஷன். தலைவலிக்கு மாத்திரை தரேன். ஸ்கேனுக்கு எழுதி வெக்கிறேன், ஆனா வரிசை நீளம். ரெண்டு மாசம் ஆகும். பரவாயில்லதானே?"

"தாராளமா டாக்டர்" என்றார் அப்பா. மேசைக்குக் கீழே அவருடைய செருப்பு அம்மாவின் காலை மெல்ல அழுத்தியது.

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார். மகள் பெருமூச்சு விட்டாள். அடுத்த வாரம், கூடுதல் நேரம், கல்லூரி, எல்லாம் அந்தப் பெருமூச்சில் இருந்தன. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், எல்லாம் அவள் கைக்கு வந்துவிடும்.

"டாக்டர்" என்றாள் அம்மா. "அந்தப் பேப்பர் பொய்."

பேனா நின்றது.

"அவளுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. நாலு வயசுல பேப்பர் படிச்சவ. தேர்வுல நேரம் கெடைக்கும்னு நாங்கதான் தடுமாறச் சொல்லிக் குடுத்தோம்."

"அம்மா" என்றாள் மகள். அப்பா கூரையைப் பார்த்தார்.

டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கம் போய் அந்த இடத்தில் எரிச்சல் வந்திருந்தது. "அப்போ இதுவும் சொல்லிக் குடுத்ததுதானா? என்கிட்ட இன்னொரு சான்றிதழ் வாங்கலாம்னு வந்தீங்களா?"

"கடைசி வார்த்தையை விடத்தான் சொல்லிக் குடுத்தோம்" என்றாள் அம்மா. "முதல் வார்த்தையை விட யாரும் சொல்லிக் குடுக்கல."

டாக்டர் நாற்காலியை இழுத்து மகளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரும்மா. என் மூக்கையே பாத்துட்டு இரு. என் விரல் ஆடறது தெரிஞ்ச உடனே சொல்லணும். நடிக்கக் கூடாது."

"நடிக்க மாட்டேன்" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அம்மாவின் மேல் உள்ள கோபத்தில் முகம் இறுகியிருந்தது. ஆனாலும் நல்ல மாணவிதான். சொன்னபடி டாக்டரின் மூக்கிலிருந்து பார்வையை எடுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டரின் கை அவளுடைய இடது காதோரத்திலிருந்து கிளம்பியது. விரல் ஆடிக்கொண்டே காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அப்பா கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். விரல் இமைக்கு நேராக வந்து நின்று ஆடியது. டாக்டரின் முகத்தில் இருந்த எரிச்சல் வடிந்துகொண்டே வந்தது. அவருடைய மறு கை, திரும்பிப் பார்க்காமலே, மேசையில் தொலைபேசியைத் தேடியது.

மகள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எப்ப டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க?" என்றாள்.